பெங்களூரில் தினமும் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஜோகுபாளையா, காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சைக்கிள் பேச்சை எடுத்தாலே வருகிற கேள்விகள் இவை. வேலைக்கு, மார்க்கெட்டுக்கு, பள்ளிக்கு, மெட்ரோவுக்கு என்று அன்றாடத் தேவைக்கு ஓட்டுவதைப் பற்றி மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நந்தி மலை ஏறுவது வேறு விஷயம். தெரு சரியாக இருந்தால் ஜனங்கள் தாமாகவே ஓட்டுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் எப்படி ஓட்டுவது என்பதைவிடத் தெரு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இதில் அதிகம் வரும்.

இந்த ஊர் டிராஃபிக்கில் சைக்கிளா? நடக்கிற காரியமா?

ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் நடக்கிற காரியம்தான். ஊர் ஊராக டிராஃபிக்கை அளக்கிற டாம்டாம் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்குப்படி, பெங்களூரில் 10 கிலோமீட்டர் ஓட்டிப் போகச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர்கூட வரவில்லை. அதுவும் எல்லா நேரத்துக்குமான சராசரி. காலை ஒன்பதரைக்கும் மாலை ஆறரைக்கும் நிலைமை இன்னும் மோசம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவசரப்படாமல் மிதிக்கிற சைக்கிள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகும். அல்சூர் மார்க்கெட்டிலிருந்து இந்திராநகர் நூறடி ரோடு, மர்ஃபி டவுனிலிருந்து கோல்ஸ் பார்க், ஜோகுபாளையாவிலிருந்து எம்.ஜி. ரோடு, எல்லாமே அரை மணிக்குள் அடங்குகிற தூரம். பார்க்கிங் தேடுகிற நேரமும் மிச்சம்.

இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?

காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். அபார்ட்மென்ட் வாசலில் இரவுப் பணி முடித்த செக்யூரிட்டி, ஹேண்டில்பாரில் டிபன் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு திரும்புவார். பின்னால் கேரியரில் பூக்கூடையைக் கட்டிய ஒருவர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் போவார். பேப்பர் போடும் பையன்கள், கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரிகள், சித்தாள்கள் என்று வரிசையாக வருவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த பிற வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 2.6 கோடிப் பேர் சைக்கிளில் போவதாகப் பதிவாகியிருக்கிறது. அதே கணக்கெடுப்பில் நாட்டின் நூற்றில் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது.

இந்த ஊரில் சைக்கிள் பாதை என்றாலே ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்ஸியும் போட்ட ஐ.டி. ஊழியர்தான் நினைவுக்கு வருகிறார். அவரும் ஓட்டட்டும், சந்தோஷம். ஆனால் வேறு வண்டி வாங்க வழியில்லாமல் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களின் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் அக்கறை. பாதை கேட்கும்போது அவர்கள் போகிற நேரத்தையும் வழியையும் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

பயமாக இருக்கிறதே. பஸ், தண்ணீர் லாரி நடுவில் எப்படி ஓட்டுவது?

இந்தப் பயம் நியாயமானது. "தைரியமாக ஓட்டுங்கள், பழகிவிடும்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தைரியசாலிகள் மட்டும் ஓட்டக்கூடிய ரோட்டில் பத்து வயதுப் பெண்ணும் அறுபது வயதுப் பெரியவரும் இறங்கப்போவதில்லை.

பயத்துக்கு முதல் காரணம் வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார், டிரைவர் ஆபத்தைக் கவனித்துப் பிரேக் போட்டு நிற்பதற்குச் சுமார் 13 மீட்டர் எடுக்கும். 50 கிலோமீட்டரில் வந்தால் 28 மீட்டர். 15 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை குறுக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். முதல் கார் நின்றுவிடும். இரண்டாவது கார், டிரைவரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 15 மீட்டரையும் கிட்டத்தட்டத் தாண்டியிருக்கும். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கிற இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனம் சொன்னது இதனால்தான். உலக சுகாதார அமைப்பும் இதையே வலியுறுத்துகிறது. பெங்களூரில் பகலில் நெரிசலே வேகத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ரோடு காலியானதும் பறக்கிறார்கள். செக்யூரிட்டி வேலைக்காரர்கள் ஷிப்ட் மாறுவதும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான்.

இரண்டாவது காரணம் சந்திப்புகள். நேர் ரோட்டில் இடது ஓரமாகப் போகிற சைக்கிளுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. சிக்னல் அருகே 'ஃப்ரீ லெஃப்ட்' என்று நிற்காமல் திரும்புகிற வண்டிகள், நேராகப் போகிற சைக்கிளைக் குறுக்கே வெட்டும். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் வேகமாக வருகிற வண்டிகள் இடது பக்கம் ஒதுங்கும், அங்கேதான் சைக்கிள் இருக்கும். இன்னொன்று டிவைடர். மெட்ரோ தூண்களுக்கு அடியில் நீளமாக டிவைடர் கட்டியபின், எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகக்கூட வெகுதூரம் போய் யூ டர்ன் எடுத்து வர வேண்டும். மிதிக்கிறவர் அதைச் செய்ய மாட்டார், ராங் சைடில் வருவார். அவரைத் திட்டுகிறோம். டிவைடரை வடிவமைத்தவர் குறுக்கே போக ஒரு வழி விட்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஊர் மேடும் பள்ளமுமாக இருக்கிறதே?

உண்மைதான். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு முகட்டின் மேல் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஏரிப் பக்கத்திலிருந்து எங்கே போனாலும் ஏதோ ஒரு ஏற்றம் வரும். கியர் உள்ள சைக்கிளில் அது பெரிய வேலை இல்லை. கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த உயரம் கொடுக்கிற குளுமையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் மே மாதம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சைக்கிள் பாதை போட்டார்களே, எல்லாம் எங்கே போயிற்று?

2010களின் தொடக்கத்தில் ஜெயநகரில் 40 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை என்று குறித்தார்கள். கொஞ்ச நாளிலேயே கார்களும் பைக்குகளும் அதன்மேல் நிற்கத் தொடங்கின. பாதை என்றால் பெரும்பாலும் பெயிண்ட்தான். கார் ஏறாமல் தடுக்க எதுவும் இல்லை. வீட்டு வாசலில் இலவசமாக நிறுத்திப் பழகியவர்களுக்கு மாற்று ஏற்பாடும் இல்லை.

அடுத்து அவுட்டர் ரிங் ரோடு. 2019இல் கே.ஆர்.புரத்துக்கும் சில்க் போர்டுக்கும் இடையே பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்தார்கள். 2020 கொரோனா காலத்தில் அதை ஒட்டிச் சைக்கிளுக்கும் தடுப்புக் கம்பங்கள் நட்டுப் பாதை ஒதுக்கினார்கள். அந்த யோசனை நல்லது, ஐ.டி. அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற ரோடு. ஆனால் அந்த ரோட்டுக்கு வந்து சேருகிற உள் சாலைகளிலும் சந்திப்புகளிலும் எந்த மாற்றமும் செய்யவில்லை. பெல்லந்தூரில் வீடு என்றால், வீட்டிலிருந்து அந்தப் பாதைக்கு வருவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். அப்புறம் மெட்ரோ வேலை வந்தது, ரோட்டைத் தோண்டினார்கள். பஸ் லேனும் போயிற்று, சைக்கிள் பாதையும் போயிற்று.

டெல்லியிலும் இப்படி ஒன்று நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை கட்டி, ஓரத்தில் சைக்கிளுக்கும் இடம் விட்டார்கள். கார் வைத்திருக்கிறவர்களின் எதிர்ப்பு ஓயவே இல்லை, 2016இல் இடித்துவிட்டார்கள். அது ஒரே ஒரு துண்டுப் பாதை. அதனால் பயன் பெற்றவர்கள் ஒரு பகுதியில் மட்டும் இருந்தார்கள், எரிச்சல்பட்டவர்கள் நகரம் முழுக்க இருந்தார்கள்.

ஸ்பெயினின் செவில் நகரம் வேறு வழியில் போனது. 2006 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல், ஒன்றோடொன்று சேர்ந்த பாதையாக மொத்தமாகக் கட்டினார்கள். எந்த வீட்டில் கிளம்பினாலும் எங்கேயாவது போய்ச் சேர முடிந்தது. சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. நம் ஊரில் எனக்குக் குறையாகத் தெரிவதும் இந்தத் தொடர்ச்சிதான். அழகான ஒரு பாதையைத் திறந்து ரிப்பன் வெட்டுவதைவிட, பத்துச் சின்ன இணைப்புகளைச் சரிசெய்தால் இங்கே அதிகப் பலன் கிடைக்கும்.

சரி, அப்படியானால் பாதை எப்படி இருக்க வேண்டும்?

ரோட்டுக்கு ரோடு விடை மாறும்.

வேகமும் கனரக வண்டிகளும் இருக்கிற பெரிய ரோட்டில், அதாவது பழைய மெட்ராஸ் ரோடு மாதிரி இடங்களில், தனிப் பாதை இல்லாமல் முடியாது. ரோட்டிலிருந்து ஓரடுக்கு உயர்த்தி, கல் விளிம்பு வைத்துக் கட்ட வேண்டும். ஒருவழிப் பாதை என்றால் 2 மீட்டராவது அகலம் வேண்டும். ஹேண்டில்பார் மட்டுமே 60 சென்டிமீட்டர் வரும், பின்னால் வருகிறவர் முந்த இடம் இல்லாவிட்டால் ஒரு பூக்கூடை சைக்கிளுக்குப் பின்னால் பத்துப் பேர் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் போகிற பாதைக்கு 3 மீட்டர். அந்த இடத்தை ஃபுட்பாத்திலிருந்து எடுக்கக் கூடாது. கார் லேன் 3.5 மீட்டர் இருந்தால் 3 மீட்டராகக் குறைக்கலாம், குறுகலான லேனில் டிரைவர்களும் தாமாகவே மெதுவாகப் போவார்கள்.

வீடுகள் நிறைந்த உள் தெருக்களுக்குத் தனிப் பாதை வேண்டவே வேண்டாம். பெங்களூரின் பெரிய வசதியே, நீளமான 'மெயின்' தெருக்களும் அவற்றைக் குறுக்கே வெட்டுகிற 'கிராஸ்' தெருக்களுமான அமைப்புதான். ஜோகுபாளையாவிலிருந்து கேம்பிரிட்ஜ் லேஅவுட் வழியாக இந்திராநகர் வரை பெரிய ரோட்டை அதிகம் தொடாமலே போக முடியும். இந்தத் தெருக்களைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தி ஊருக்குள் புகுந்து போகிற கார்களைத் தடுத்தால் போதும். தெருவின் ஒரு முனையில் நாலைந்து கம்பங்களோ பூந்தொட்டிகளோ வைத்து, நடப்பவர்களும் சைக்கிளும் மட்டும் நுழையும்படி விட்டால், அந்தத் தெருவாசிகளின் கார் மறுமுனை வழியாக வந்து போகும். ஒன்வே தெருக்களில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசையிலும் அனுமதி கொடுக்கலாம். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இது சர்வ சாதாரணம்.

பிறகு சந்திப்பு. உள் தெருக்கள் பெரிய ரோட்டைச் சந்திக்கிற இடத்தில்தான் நம் பணம் முதலில் போக வேண்டும். ஃபுட்பாத் உயரத்துக்கே ரோட்டின் குறுக்கே மேடை மாதிரி உயர்த்திய கிராசிங், டிவைடரில் சைக்கிளோடு நிற்க 2 மீட்டர் அகலத்துக்கு இடம், ஃப்ரீ லெஃப்டை எடுத்துவிட்டு எல்லோருக்கும் சிக்னல். இவ்வளவும் செய்தால் இரண்டு பக்கத்து உள் தெருக்களும் ஒரே வழியாகிவிடும். புதிதாக நிலம் எடுக்கத் தேவையில்லை.

எதைக் கட்டினாலும் பைக்கும் ஸ்கூட்டரும் புகுந்துவிடுமே?

ஆமாம், வெளிநாட்டு வரைபடங்களில் இந்தச் சிக்கலுக்கு விடை கிடையாது. பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன, அதில் பெரும்பகுதி இருசக்கர வண்டி. சைக்கிள் நுழைகிற இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும், கம்பத்தை நெருக்கி நட்டால் மூன்று சக்கர சைக்கிளும் வீல்சேரும் மாட்டிக்கொள்ளும்.

முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்க முடியும். தொடர்ந்து கல் விளிம்பு இருந்தால் நடுவில் எங்கேயும் ஏற முடியாது, சந்திப்பில் மட்டும்தான் நுழைய முடியும். அந்தச் சந்திப்பில் கேமரா இருந்தால் அபராதம் தானாகப் போகும். ஊரின் பல சிக்னல்களில் கேமரா ஏற்கெனவே இருக்கிறது, ஹெல்மெட் போடாததற்கும் சிக்னல் தாண்டியதற்கும் நோட்டீஸ் வருகிறது. அதே கேமராவைப் பாதைக்குள் புகுகிற வண்டிக்கும் பயன்படுத்தலாம். முதல் மூன்று மாதமாவது ஒரு போலீஸ்காரர் நேரில் நின்றால்தான் பழக்கம் மாறும்.

மழை பெய்தால்?

மழையில் நனைவது எனக்குப் பெரிய கவலை இல்லை, ரெயின்கோட் இருக்கிறது. ரோட்டு ஓரம்தான் கவலை. குனிந்து பாருங்கள், மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி பல இடங்களில் ரோடு போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். கம்பிகளுக்கு நடுவே விரல் கடையைவிடப் பெரிய இடைவெளி. சைக்கிளின் முன்சக்கரம் அதற்குள் இறங்கினால் ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டி விழுவார். அகலமான டயர் உள்ள ஸ்கூட்டர்காரருக்கு இது தெரியவே தெரியாது. மழைத் தண்ணீர் தேங்கி நின்றால் சைக்கிள்காரருக்கும் கண்ணில் படாது. கம்பி ரோட்டுக்குக் குறுக்குவாட்டில் இருக்கும்படி மூடியை மாற்ற வேண்டும். மூடி சதுரமாக இருந்தால் எடுத்துத் திருப்பிப் போட்டாலே போதும். வேறு எந்தச் சீர்திருத்தமும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஃபுட்பாத்தில் ஓட்டலாமா?

வேண்டாம். நடப்பவர்களுக்கே அங்கே இடமில்லை. டெண்டர்ஷூர் என்ற ரோடு சீரமைப்புத் திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கம் ஃபுட்பாத்தை அகலமாக்கினார்கள், நடப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதைச் சைக்கிளால் கெடுக்க வேண்டாம்.

பார்க்கிங்கை எடுத்தால் எங்கள் வியாபாரம் என்ன ஆகும்?

அல்சூர் பஜார் தெருக் கடைக்காரர்கள் இப்படிக் கேட்டால் அதைத் தள்ளிவிடக் கூடாது, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒரு நாள் முழுக்கக் கடை வாசலில் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அது கடைக்காரரின் வண்டியாகவோ பக்கத்து ஆபீஸ்காரரின் காராகவோ இருக்கும், காலையில் வந்தால் சாயங்காலம்தான் நகரும். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கலாம். காய்கறி, மளிகை, பூ வாங்க வருகிறவர்களில் நடந்து வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம்.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன் இதே சந்தேகம் இருந்தது. இன்று தீபாவளி நேரத்தில் அங்கே போனவர்கள் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். சரக்கு இறக்குகிற லாரிக்கு நேரம் ஒதுக்குவது, வயதானவர்கள் ஆட்டோவில் வந்து இறங்க இடம் விடுவது ஆகிய இரண்டையும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

புடவை கட்டிக்கொண்டு ஓட்ட முடியுமா? எங்கள் வீட்டுப் பெண்கள் ஓட்டுவார்களா?

புதுக்கோட்டை அக்காக்களைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெரும்பாலும் புடவைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டு ஆம்பளை கொண்டுபோய் விட வேண்டாம் என்ற விடுதலை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுப்பதும் இதே பலனுக்காகத்தான்.

செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலையும் இருந்தால் புடவையோ துப்பட்டாவோ மாட்டாது. வளைந்த ஃபிரேம் உள்ள சைக்கிளில் ஏறி இறங்குவதும் சுலபம்.

ஆனால் தெருவின் பங்கும் இருக்கிறது. ஆண்களின் பயணம் பெரும்பாலும் வீடு, ஆபீஸ், வீடு. பெண்களுக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷனுக்குப் போய், காய் வாங்கி, மாமியாருக்கு மருந்து வாங்கி வர வேண்டும். எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில், சின்னச் சின்னத் தூரமாக இருக்கும். ஐ.டி. பார்க்குக்குப் போகிற நீளமான பாதை அவர்களுக்கு எதற்கும் உதவாது. பேட்டைக்குள்ளே இருக்கிற கிராசிங்கும், மாலை ஏழு மணிக்கு எரிகிற தெருவிளக்கும்தான் உதவும். ஒரு தெருவில் பெண்கள் சைக்கிள் ஓட்டுகிறார்களா என்று பார்த்தாலே அந்தத் தெரு எவ்வளவு பத்திரமானது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளைகளைத் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பலாமா?

இன்றைய தெருக்களில், பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும் என்றால், நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், உள் தெரு வழியாகவே போக முடிந்தால், முதலில் சில வாரம் கூடவே ஓட்டிப்போய்ப் பழக்கலாம். ஓட்டிப் பழக ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் நல்ல இடம், அன்று உள்ளே வண்டிகளை விடுவதில்லை.

நெதர்லாந்து இன்று சைக்கிள் நாடு. 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் செத்தார்கள். பெற்றோர்கள் 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று தெருவில் இறங்கினார்கள், எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, அரசு வழிக்கு வந்தது. அவர்களும் காருக்காக ஊரை இடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். நாம் தொடங்க ஒரு சுலபமான இடம் இருக்கிறது: பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அரை மணி நேரம் பள்ளித் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் தடுப்பது. பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் டிராஃபிக் போலீசிடம் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடிய காரியம்.

மெட்ரோவில் சைக்கிளைக் கொண்டுபோகலாமா?

முழுதாக மடிக்கிற சைக்கிளை 2021 முதல் நம்ம மெட்ரோவில் அனுமதிக்கிறார்கள். சாதாரண சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது நிலையத்தில் பூட்டி வைக்க நல்ல இடம்தான்: மழை படாமல், கேமரா பார்வையில், ஃபிரேமையே கம்பியோடு சேர்த்துப் பூட்டும்படி. முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற தாழ்வான ஸ்டாண்டு வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைத் திருடிப்போவார்கள். ரிம்மும் வளையும்.

எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனம் இல்லை. லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏற்றமான பேட்டைக்காரர்களுக்கும் நல்ல வண்டி.

ஹெல்மெட்?

மிதிக்கிற சைக்கிளுக்குச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. போட்டால் நல்லது. இரவில் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட்டைவிட முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் முக்கியம் என்பேன். செக்யூரிட்டி வேலைக்கு ஆள் வைக்கிற அபார்ட்மென்ட் சங்கங்கள் இந்த இரண்டு விளக்கை வாங்கிக்கொடுத்தால் பெரிய புண்ணியம்.

எந்தச் சைக்கிள் வாங்குவது?

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், செயின் கவர், முடிந்தால் பின்னால் ஏழு கியர். இவ்வளவும் இருந்தால் போதும். தடித்த டயரும் சஸ்பென்ஷனும் உள்ள மலைச் சைக்கிள் நகரத்துக்குத் தேவையில்லை, கனம்தான் கூடும். 2025 செப்டம்பர் முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற கடை எது என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைக் கலைத்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. அல்சூர் பக்கம் பெரும்பாலும் மத்திய மாநகராட்சிக்குள் வரும். தெரு, கிராசிங், வடிகால் மூடி, விளக்கு எல்லாம் அங்கே. சிக்னல், ஒன்வே, பார்க்கிங் தடை, வேக வரம்பு ஆகியவை டிராஃபிக் போலீஸ். சைக்கிள் பாதைத் திட்டங்களை இதுவரை முன்னெடுத்தது மாநில அரசின் நகர நிலப் போக்குவரத்து இயக்ககம். மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அதனால் ஒரே மனுவை மூன்று இடத்துக்கும் அனுப்பி, நகல் அனுப்பிய விவரத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

"சைக்கிள் பாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒரு இடத்தைச் சொல்லுங்கள். இந்தக் கிராசும் இந்த மெயின் ரோடும் சேருகிற இடத்தில் உயர்த்திய கிராசிங் வேண்டும், டிவைடரில் 2 மீட்டர் வழி வேண்டும், இந்த எண்ணுள்ள கம்பத்தருகே வடிகால் மூடியைத் திருப்ப வேண்டும் என்று எழுதி, போட்டோ வையுங்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை அந்த இடத்தில் எத்தனை சைக்கிள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று நாலு பேர் நின்று எண்ணி அதையும் சேருங்கள். இந்த எண்ணிக்கை அதிகாரிகளிடம் பெரும்பாலும் இருக்காது, அதனால் மனுவுக்குத் தனி மதிப்பு வரும்.

கையில் இப்போது ஒரு சட்டப் பிடியும் இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின்கீழ், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளையும், சாலைகளின் வடிவமைப்புத் தரங்களுக்கான விதிகளையும் ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று சொன்னது. மனுவில் இதை ஒரு வரி குறிப்பிடுங்கள்.

எங்களுக்குக் கன்னடத்தில் எழுத வராதே?

பேச வருகிறவர்கள் நம்மில் ஏராளம், எழுதத்தான் தடுமாறுகிறோம். பள்ளியில் கன்னடம் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களை எழுத வையுங்கள். தெருவில் இருக்கிற கன்னட, உருது, தெலுங்குக் குடும்பங்களின் கையெழுத்தும் மனுவில் இருக்கட்டும். கிராசிங் எல்லோருக்கும்தான்.

மனு கொடுத்தும் பதில் வராவிட்டால்?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பம் 150 சொல்லுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். நீளமாக எழுதினால் அதைக் காரணம் காட்டியே திருப்பி அனுப்பலாம். உங்கள் மனு எந்தத் தேதியில் வந்தது, எந்த அதிகாரியிடம் இருக்கிறது, என்ன முடிவு எடுத்தார்கள் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். முதல் மனுவுக்குச் சீல் போட்டுக் கொடுத்த நகலை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.